லால்பேட்டைச் சாலையில் கிடந்த கல்

(சிதம்பரத்தில், மிதிவண்டிப் பயணிகள் மன்றத்தின் ஆண்டு விழாவில் விவசாயி அன்பரசு பேசியது)

கடலூர் செம்மண்டலத்திலிருந்து சிதம்பரம் வரை சைக்கிளிலேயே வந்து, நாற்காலியில் உட்கார்ந்த பிறகும் கால் தானாக மிதித்துக்கொண்டிருக்கிற எங்கள் அன்பின் திருவுருவே, அவைத் தலைவர் தேவசகாயம் அவர்களே! வயதாலும் வாழ்ந்த வாழ்வாலும் எங்களுக்கு மூத்து, முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோர்களே! அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற சந்தேகத்தோடு வந்து, அந்தச் சந்தேகத்தையும் மறந்து எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கும் தாய்மார்களே! பந்தலுக்கு வெளியே, ஒரு காலைத் தரையிலும் ஒரு காலைப் பெடலிலும் ஊன்றி, 'இந்த ஆள் பேச்சு நல்லா இருந்தா நிப்போம், இல்லேன்னா கெளம்பிடுவோம்' என்று தயாராக நிற்கும் தம்பிமார்களே! உங்கள் அத்தனை பேருக்கும், காட்டுமன்னார்கோயில் பக்கத்து விவசாயி, மைக் கிடைத்தால் விடாதவன் என்று ஊரே பெயர் வைத்திருக்கும் அன்பரசுவின் நெஞ்சு நிறைந்த வணக்கம்.

தலைவர் எனக்குப் பத்து நிமிஷம் என்று சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்தச் சீட்டைச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்திருக்கிறேன். இன்னும் பிரித்துப் படிக்கவில்லை.

எத்தனை வாகனம் வந்தால் என்ன, எத்தனை வேகம் வந்தால் என்ன? பெட்ரோல் கேட்காத பெருந்தன்மை எந்த வண்டிக்கு உண்டு? புகை கக்காத புண்ணியம் எந்த வண்டிக்கு உண்டு? பள்ளம் வந்தால் பறக்க வைத்து, மேடு வந்தால் மூச்சு வாங்க வைத்து, பஞ்சர் ஆனாலும் பக்கத்திலேயே கூட நடந்து வருகிற பாசம் எந்த வண்டிக்கு உண்டு? சைக்கிளுக்கு உண்டு, ஐயா, சைக்கிளுக்கு மட்டுமே உண்டு! தட்டுங்க, தட்டுங்க, நல்லாவே கை தட்டுங்க. இப்ப ஹேண்டிலை விட்டா ஒண்ணும் ஆயிடாது.

ஆனால் அந்தச் சைக்கிளுக்கு நாம் கொடுக்கிற மரியாதை என்ன? நம் தலைவரையே கேளுங்கள். பேங்க் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். போன ஆவணியில் கடலூரில் ஒரு கல்யாணம். பட்டு வேட்டி, பட்டுச் சட்டை, செயினில் வேட்டி மாட்டாமல் இருக்கக் காலில் ஒரு கிளிப், இப்படிச் சைக்கிளில் போய் மண்டபத்து வாசலில் இறங்கியிருக்கிறார். வாட்ச்மேன் மேலும் பார்த்தார், கீழும் பார்த்தார். "சமையல் ஆளுங்கெல்லாம் பின்பக்கமா போங்க"ன்னுட்டார். நம்ம தலைவருக்கோ யாரையும் மறுத்துப் பேசத் தெரியாது. பின்பக்கம் போனார். அங்கே ஒருத்தர், "ஏன் சார் இவ்வளவு லேட்டு?"ன்னு கேட்டுட்டு, ஒரு கூடை பீன்ஸையும் ஒரு கத்தியையும் கையில குடுத்துட்டாரு. மனுஷன் அரை மணி நேரம் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கியிருக்கிறார்! சாம்பாரில் உப்புப் பார்க்க வந்தாரே மணப்பெண்ணின் அப்பா, அவர்தான் "ஐயோ சார், நீங்களா!" என்று கையைப் பிடித்து முன்னால் அழைத்துப் போனாராம். என்ன சார்? தலைவர் ஏதோ சொல்கிறார். "மொத ஈடு வடை எனக்குத்தான் கெடச்சுது, அதைச் சொல்லாம வுட்டுட்டியே" என்கிறார். சொல்லிட்டேன் சார், சொல்லிட்டேன்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், சிரிக்கத்தான் சொன்னேன். ஆனால் அந்த வாட்ச்மேன் நம் ஒவ்வொருவர் கண்ணுக்குள்ளும் உட்கார்ந்திருக்கிறாரே, அதற்கு என்ன செய்வது? ப்ளஸ் ஒன் பிள்ளை சைக்கிளில் போனால், படிக்கிற பிள்ளை. ஹெல்மெட்டும் கறுப்புக் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு கியர் சைக்கிளில் ஒருவர் போனால், ஆஹா, உடம்பைப் பேணுகிறவர். சாப்பாட்டு டப்பாவைக் கேரியரில் வைத்துக்கொண்டு, முப்பது வயது தாண்டிய ஒரு பெண் வேலைக்குச் சைக்கிளில் போனால்? "பாவம்" என்கிறோம். யார் கேட்டது அந்தப் பாவத்தை?

அப்படிப்பட்ட ஒரு பெண்ணைப் பற்றிப் பேசத்தான் இன்று வந்தேன். தாய்மார்கள் பக்கம் மூணாவது வரிசையில உக்காந்திருக்கா. ஷஹனாஸ், எழுந்திருக்க வேணாம்மா, கையை மட்டும் தூக்கு. வலது கை வேணாம் தாயி, இடது கை போதும். பார்த்துக்கொண்டீர்களா? லால்பேட்டை நூர்முகம்மது பாயின் ஒரே மகள். பாய் இதோ முன்வரிசையில், வெள்ளைச் சட்டையில். எனக்கும் அவருக்கும் பள்ளிக்கூடத்திலிருந்தே பழக்கம். அவர் என்னை 'மச்சான்' என்பார், நான் அவரை 'மச்சான்' என்பேன். யார் யாருக்குப் பெண் கொடுத்தோம் என்று இன்றுவரை எங்களுக்கே தெரியாது.

ஷஹனாஸுக்குக் காட்டுமன்னார்கோயிலில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. இந்தக் கூட்டத்துல எத்தனை பேருக்கு ஊசி குத்தியிருக்கான்னு கை தூக்கச் சொன்னா, பந்தலே எழுந்து நிக்கும். வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுக்க வருகிறவர்கள் ஆறரை மணிக்கே வாசலில் நிற்பார்கள். அந்த நேரத்துக்கு இவளுக்கு வாகாக பஸ் கிடையாது. அதனால், ப்ளஸ் ஒன் படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் கொடுத்தார்களே, அந்தச் சைக்கிளில்தான் இன்னமும் போகிறாள். சீட்டு மூன்று முறை மாற்றியாயிற்று, செயின் இரண்டு முறை மாற்றியாயிற்று, ஆள் மாறவில்லை.

கத்தாரில் இருக்கிற மாப்பிள்ளை முஹம்மது ஆசிக், "ஸ்கூட்டி வாங்கிக்க"ன்னு சொல்லிச் சொல்லி அலுத்துப்போனார். இவளுக்கு ஸ்கூட்டி ஓட்டத் தெரியாதா? நன்றாகத் தெரியும். நானே ஒரு நாள் கேட்டேன், "வசதி இருக்கும்போது ஏம்மா இந்தக் கஷ்டம்?" என்று. அதற்கு அவள் சொன்னாள், "கஷ்டம்னு யாரு சொன்னா மாமா? வீட்டுல இருந்தா வீட்டு வேலை. அங்க போனா அந்த வேலை. நடுவுல வாய்க்கா ஓரமா மிதிச்சிட்டுப் போற இருபது நிமிஷந்தான் எனக்குன்னு இருக்குது. அதையும் முறுக்கிட்டுப் போயி அஞ்சு நிமிஷத்துல முடிச்சிடச் சொல்றீங்களா?"  

இப்படிப் போய்க்கொண்டிருந்த பெண், கடந்த பிப்ரவரியில் விழுந்தாள்.

சம்பா அறுவடை முடிந்திருந்த நேரம். எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியாததல்ல. நெல்லில் ஈரம் ஜாஸ்தியா இருந்தா கொள்முதல் நிலையத்துல எடுத்துக்க மாட்டாங்க. காய வைக்கக் களம் கிடையாது. ஆனால் கண்ணெதிரே தார் ரோடு கிடக்கிறது, தகதகவென்று கொதிக்கிறது. யாருக்குத்தான் மனசு கேட்கும்? பாதி ரோட்டை மடக்கி நெல்லைப் பரப்புகிறோம். வண்டி ஏறிவிடக் கூடாது என்று சுற்றிலும் கல்லை வைக்கிறோம். சின்னக் கல் இல்லை, ஒரு கையால் தூக்க முடியாத கல்.

அன்றைக்குச் சாயங்காலம் நாலு மணி. திடீரென்று வானம் இருட்டிக்கொண்டு வந்தது. நெல்லுக்குச் சொந்தக்காரர் பதறினார், பறந்தார், வாரினார், சாக்கில் கொட்டினார், தார்ப்பாயை இழுத்து மூடினார். ஒரு மணி நெல்கூட நனையாமல் காப்பாற்றிவிட்டார். கல்லை மட்டும் எடுக்கவில்லை. மழை கொட்டியது. ரோட்டில் தண்ணீர் நின்றது. தண்ணீருக்கடியில் கல் இருப்பது யாருக்குத் தெரியும்? வேலை முடிந்து ஷஹனாஸ் வந்தாள். பின்னால் வந்த பஸ் காது கிழிய ஹாரன் அடித்தது. ஒதுங்கு, ஒதுங்கு என்றது ஹாரன். ஒதுங்கினாள். ஒதுங்கிய இடத்தில் கல். கழுத்துக்கும் வலது தோளுக்கும் நடுவில் இருக்கிற காறை எலும்பு முறிந்துபோனது.

ஆஸ்பத்திரிக்கு ஊரே திரண்டு வந்தது. அந்தப் பாசத்தில் நம்மை மிஞ்ச ஆள் கிடையாது! ஆளுக்கு ஒரு ஹார்லிக்ஸ், ஆளுக்கு ஒரு கிலோ ஆரஞ்சு, ஆளுக்கு ஒரு புத்திமதி. "இந்தக் காலத்துல போயி சைக்கிளா?" என்றார் ஒருவர். "எடைக்குப் போட்டுத் தொலை" என்றார் இன்னொருவர். "வீட்டுக்காரர் வெளிநாட்டுல இருக்காரு, ஒனக்கு என்ன தலையெழுத்து?" என்றார் மூன்றாமவர். கல்லைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா? நானும் போனேன். நானும் ஆரஞ்சு வாங்கிப் போனேன். நானும் அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, "இனிமே சைக்கிள் வேணாம்மா, ரோடு முன்ன மாதிரி இல்ல" என்று சொன்னேன்.

பஸ் கவிழ்ந்தால், 'பஸ்ஸை எடைக்குப் போடு' என்கிறோமா? லாரி மோதினால், 'லாரி ஓட்டுவதே தப்பு' என்கிறோமா? கார் வாய்க்காலில் இறங்கினால், 'வசதி இருந்தும் ஏன் காரில் போனாய்' என்று கேட்கிறோமா? சைக்கிள் விழுந்தால் மட்டும், விழுந்தது சைக்கிளின் குற்றம்! விழ வைத்த கல் உத்தமன், விரட்டிய ஹாரன் உத்தமன், விழுந்தவள் மட்டும் குற்றவாளி! எந்த ஊர் நியாயம் இது?

பாய் பயந்துவிட்டார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். ஒரே மகள். கட்டுப் போட்ட மகளை வீட்டுக்குக் கூட்டிவந்த அன்றைக்கே சைக்கிளைச் சங்கிலி போட்டுப் பூட்டினார். "சைக்கிளும் வேணாம், வேலையும் வேணாம், கண்ணு முன்னாடி இரு, அது போதும்" என்றார். கத்தாரிலிருந்து மாப்பிள்ளையும் ஆமாம் போட்டார். எலும்பு கூடிவிட்டது. டாக்டர் ஓட்டலாம் என்று சொல்லிவிட்டார். வேலை செய்கிற இடத்தில் இந்த மாதக் கடைசி வரைக்கும் பொறுத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதற்கு இன்னும் ஒன்பது நாள்தான் இருக்கிறது. அதற்குள் அவள் போய் நிற்காவிட்டால் வேறு ஆள் வந்துவிடும். பதினோரு வருஷம் அந்தப் பெண் சம்பாதித்த நல்ல பெயர், ஐயா, பதினோரு வருஷம்.

இப்போது ஒன்று சொல்கிறேன், கேளுங்கள். ஜனவரியில் சாலைப் பாதுகாப்புக்காக ஒரு பள்ளிக்கூடத்தில் என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். "சாலை எவன் வீட்டுக் களமும் அல்ல! சாலையை மறிக்கிறவன் சாவை அழைக்கிறவன்!" என்று முழங்கினேன். பிள்ளைகள் கை வலிக்கத் தட்டினார்கள். சால்வை போட்டார்கள். அடுத்த மாதமே அந்தச் சாலையில் நெல்லைப் பரப்பி, கல்லை வைத்து, எடுக்காமல் போனானே ஒருத்தன், அவன் யார் தெரியுமா? இதோ, உங்க முன்னாடி மைக்கைப் புடிச்சிட்டு நிக்கிறேனே, நான்தான்.

 பின்னால் யாரோ "அடப்பாவி" என்கிறார். சரியாகத்தான் சொன்னீர்கள் ஐயா. இன்னொரு தடவை வேண்டுமானாலும் சொல்லுங்கள்.

மூன்று மாதம் வாயைத் திறக்கவில்லை நான். சோறு இறங்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன், இறங்கியது. தூக்கமும் வந்தது. ஆனால் நூர் பாய் எதிரில் வந்தால் மட்டும் வேறு சந்தில் திரும்பிவிடுவேன். போன வெள்ளிக்கிழமை, பாய் ஜும்மா தொழுகைக்குப் போயிருக்கிற நேரமாகப் பார்த்து அவர் வீட்டுக்குப் போனேன். அவர் சம்சாரம் ஜெய்னப் உள்ளே டீ போடப் போனார்கள். நான் ஷஹனாஸிடம், "அம்மா, அந்தக் கல்லு" என்று ஆரம்பித்தேன். 

"தெரியும் மாமா, உங்க கல்லுதான்" என்றாள்.

"எப்படிம்மா தெரியும்?" என்றேன்.

"விழுந்தப்ப எனக்கு மயக்கம் ஒண்ணும் வரல மாமா. கண்ணு முழிச்சிட்டுத்தான் கெடந்தேன். நீங்க தார்ப்பாயை வுட்டுட்டு ஓடியாந்தீங்க. வந்தவங்க என்னையத் தூக்கல. கல்லைத் தூக்குனீங்க. ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எடுத்து வாய்க்கால்ல போட்டீங்க. அதுக்கப்புறம்தான் என்கிட்ட வந்து, என்னைய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனீங்க."

ஐயா, தாய்மார்களே, அறுபது வயதில் ஒரு மனுஷன் கூனிக் குறுகிப்போவது எப்படி என்று எனக்கு அன்றைக்குத் தெரிந்தது.  நான் அப்படிச் செய்தேனா? செய்தேன். எலும்பு முறிந்து ஒரு பெண் மழையில் கிடக்கிறாள், நான் கல்லைப் பொறுக்கியிருக்கிறேன். கை தானாகச் செய்தது என்று சொல்லலாம். ஆனால் அது என் கை.

"இத்தனை நாளா அத்தாகிட்ட ஏம்மா சொல்லல?" என்று கேட்டேன்.

"சொன்னா என்ன ஆவும்? அத்தா உங்க வாசப்படி மிதிக்க மாட்டாங்க. நீங்க எங்க தெருப்பக்கமே வர மாட்டீங்க. ரெண்டு பேரும் மூஞ்சியத் திருப்பிக்குவீங்க, ரோட்டுல கல்லு மட்டும் அங்கியேதான் கெடக்கும். எனக்கு நீங்க இங்க தனியா வந்து மன்னிப்புக் கேக்குறது வேணாம் மாமா. நீங்க மைக்ல பேசுனா நாலு ஊரு கேக்குது. சிதம்பரத்துல கூப்புட்டிருக்காங்களாமே, அங்க சொல்லுங்க. நானும் வரேன், அத்தாவையும் கூட்டியாறேன்."

சொல்லிவிட்டேன் தாயி. நீ சொன்ன இடத்தில், நீ சொன்னபடி சொல்லிவிட்டேன்.

என்னோடு வயலில் நிற்கிற விவசாயிகளே, உங்களிடம் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். களம் வேண்டும் என்று கேட்போம், ஊருக்கு ஒரு களம் கேட்போம், மனுவில் முதல் கையெழுத்து நான் போடுகிறேன். ஆனால் களம் வருகிற வரைக்கும் கல் காத்திருக்குமா? சாலையில் வெள்ளைக் கோடு ஒன்று போட்டிருக்கிறார்களே, அந்தக் கோட்டுக்கு வெளியே ஒரு மூன்றடி இருக்கிறதே, அதையாவது விட்டுவைக்கக் கூடாதா? அந்த மூன்றடியில்தான் வேலைக்குப் போகிறவள் போகிறாள்! அந்த மூன்றடியில்தான் படிக்கப் போகிற பிள்ளை போகிறது! அந்த மூன்றடியில் நெல்லைப் பரப்பி, அந்த மூன்றடியில் கல்லை அடுக்கி, அந்த மூன்றடியில் கடையின் போர்டை நிறுத்தி, அந்த மூன்றடியில் காரை நிறுத்தி, கடைசியில் அந்த மூன்றடிக்குள்ளேயே ஒதுங்கு என்று ஹாரனும் அடித்தால், அவர்கள் எங்கே போவார்கள்? வானத்திலா போவார்கள்? சைக்கிளில் போகிறவர் நம் சாலைக்கு வந்த விருந்தாளி இல்லை, நம்மைப் போலவே அதற்கு உரிமை உள்ளவர்! நெல்லை வாரிய கை கல்லையும் வாரட்டும். மழை வந்தாலும் வாரட்டும், இடி இடித்தாலும் வாரட்டும்!

தட்டாதீர்கள், கொஞ்சம் பொறுங்கள். நான் இன்னும் ஒருவரிடம் பேச வேண்டும்.

நூர் மச்சான், என் மேல என்ன கோவம் வேணும்னாலும் படு. ஊர் நடுவுல நிக்க வச்சுத் திட்டு. போலீஸ்ல எழுதிக் குடு, நானே கூட வந்து ஒத்துக்கிறேன். சைக்கிள் ஒரு தப்பும் பண்ணல மச்சான். உன் மகளும் பண்ணல. அவளை வேலைக்கு அனுப்பு.

பாய் எழுந்துவிட்டார். உட்காருங்கள், உட்காருங்கள், யாரும் அவரைப் பிடிக்க வேண்டாம், பேசட்டும். தம்பி, அந்த மைக்கை அவரிடம் கொடுங்கள். வேண்டாம் என்கிறார். சரி, அப்படியே பேசு மச்சான்.

பின்னால் கேட்கவில்லையாம். கத்துகிறார்கள். நானே திருப்பிச் சொல்கிறேன். சொல்ல எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஆனால் சொல்கிறேன். பாய் சொல்றாரு, "ஆஸ்பத்திரி வராந்தாவுல உன் கையப் புடிச்சி, நீ மட்டும் அந்த எடத்துல இல்லேன்னா எம்பொண்ணு என்னாயிருப்பான்னு அழுதேனேடா. அப்பக்கூட உன் வாய் தொறக்கலியே."

ஆமாம் மச்சான். தொறக்கல.

இன்னும் சொல்றாரு, "உன்கூடப் பேச எனக்கு எத்தனை நாளாவும்னு தெரியல. பேசாமலே கூடப் போவலாம்." சரி மச்சான். அதுக்கு நான் என்ன சொல்றது? நான் வாயத் தொறக்க உரிமை இல்லாத எடம் அது.

இருங்கள், இருங்கள், இன்னும் முடிக்கவில்லை. மகள் பக்கம் திரும்பிவிட்டார். "அவ விழுந்தது அன்பரசு வச்ச கல்லுல. ஆனா மூணு மாசமா அவளை வீட்டுல உக்கார வச்சது அன்பரசு இல்ல, நான்தான். ஷஹனாஸ், நாளைக்கிக் காலையில வேலைக்குப் போம்மா. சைக்கிள்லயே போ."

இப்போது தட்டுங்கள். என்னைப் பார்த்துத் தட்டாதீர்கள், ஐயா, என்னைப் பார்த்துத் தட்டாதீர்கள். அந்தப் பக்கம் திரும்புங்கள், தாய்மார்கள் பக்கம் மூன்றாவது வரிசைக்குத் திரும்பித் தட்டுங்கள்.

இத்தோடு முடித்துக்கொள்கிறேன். பேச இடம் கொடுத்து, நடுவில் மணி அடிக்காமல் பொறுத்துக்கொண்ட தலைவருக்கும், என் குற்றத்தையும் காது கொடுத்துக் கேட்ட பெரியோர்களுக்கும், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கும் தாய்மார்களுக்கும், கிளம்பாமல் நின்ற தம்பிமார்களுக்கும் என் நன்றி. நாளைக்கு ஆறு மணிக்குள்ள என் வயலோரம் இருக்குற ரோட்டை நானே கூட்டி வச்சிருப்பேன். என்கிட்ட பேசணும்னு இல்ல ஷஹனாஸ், நிக்கணும்னும் இல்ல. நீ பாட்டுக்குப் போயிட்டே இரும்மா. அனைவருக்கும் வணக்கம்.